வெறும் வயிற்றுப் படம்

“அப்பான்ர எக்ஸ்ரே படத்தை என்ர கையில தாங்கோ, டொக்டர்.”

வாசல்வரை அப்பா தடுத்துக்கொண்டே வந்தார்: “படத்த மட்டும் கேட்டுறாத புள்ள. தொரைக்குக் கோவம் வரும்.”

வந்தது. தில்லைநாதன் டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “படம் பாக்க நீர் ஆர்?”

“மாயாண்டியின்ர மகள். விலங்கியல் படிச்சனான். புற்றெண்டு எழுதி, விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ எண்டு அனுப்பினனீங்கள். நான் பாக்கவேணும்.”

படத்தை மேசையில் எறிந்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பேரியம் என்ற மருந்துக் கரைசலைக் குடித்து வெளுத்த இரைப்பைக்குள் முட்டையளவில் ஒரு கறுப்பு. கரை, பூச்சி அரித்த இலைபோல். சுற்றிவரத் துணுக்குகள்.

“படமெடுத்த அண்டைக்கு இவர் சாப்பிட்டவர். லொறியில ரெண்டு ரொட்டி. அதுதான் இந்தத் துணுக்குகள்.”

டொக்டர் அப்பாவிடம் திரும்பினார். “வெறும் வயிறோ எண்டு கேட்டனான். ஓமெண்டனீர்?”

கதிரை இருந்தும் அப்பா நின்றுகொண்டிருந்தார். “தொர கேட்டீங்க. ஆமாங்கன்னேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து இருபது வருடம். இன்னும் எதைக் கேட்டாலும் ஆமாங்க.

“ஆமாங்க சொல்லியே சாகப்போறியளோ?” என்றேன். பிறகு டொக்டரிடம், “நேற்றுப் பின்னேரம் தொட்டு ஒண்டும் குடுக்கேல்ல. திரும்ப எடுங்கோ.”

“பேரியம் என்ன, கிணத்துத் தண்ணியோ?”

“பிழையான படத்துக்கு ஊத்தினனீங்கள்தானே? சரியான படத்துக்கும் ஊத்துங்கோ.”

ஜெனரேட்டர் உறுமியது. ஒரு மணித்தியாலத்தில் ஈரம் சொட்டச் சொட்டப் படம் வந்தது. கட்டி போய்விடவில்லை. ஆனால் கரை, ஈரத்துணிக்குக் கீழ் வைத்த கூழாங்கல்போல வழுவழுவென்றிருந்தது. இரைப்பையின் மடிப்புகள் அறாமல் அதன்மேல் ஏறிப்போயின.

டொக்டர் நெடுநேரம் பார்த்தார். “புற்று உள்தோலைத் தின்னும். இது தோலுக்குக் கீழ, தசையில வந்த கட்டி போல. எப்பவாவது அருமையாத்தான் வாறது, கெடுதலில்லாத சாதி.” ‘போல’வை அழுத்தினார். “குழாய்க் கமரா விட்டுப் பாக்கவேணும். உள்தோல் முழுசாயிருந்தால் வெட்டி எடுக்கலாம். கொழும்பிலதான்.”

பழைய கடிதத்தைத் தானே கிழித்து, புதிதாக எழுதினார்.

வெளியே அப்பா முணுமுணுத்தார்: “வன்னிய விட்டுக் கொழும்புக்குப் போக இயக்கத்துப் பாசு வேணும் புள்ள. நாங்க திரும்புற மட்டும் பிணைக்கு ஒரு ஆள் இங்கயே கெடக்கணும். ஒனக்கு வெளிய, வவுனியாவுல டீச்சர் வேல வந்திருக்கே.”

“அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.”

“பிணைக்கு?”

ஈரப் படத்தைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி, என் பெயரைக் கொடுக்கப் பாஸ் எழுதும் கந்தோர்ப் பக்கம் நடந்தேன்.