செசிலிக்கு எத்தனை வயது வைக்கலாம்?

1

இந்தக் கதை நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒரு பெண்மணி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “வயசு கேட்டா நாப்பத்தாறுன்னு சொல்லப்போறேன் மக்கா. தலைக்கு மையும் அடிச்சாச்சு. மாதா பாத்துக்கிடட்டும்.”

நான் சுசீந்திரத்தில் இறங்க வேண்டியவன். இறங்கவில்லை. [ஒட்டுக்கேட்பது தப்புதான். வேறு எப்படிக் கதை எழுதுவது?] அவர் பெயர் தெரியாது. செசிலி என்று வைத்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘செசிலி, வயது முப்பத்திரண்டு, நீண்ட கூந்தலை அள்ளி—’

அடித்துவிட்டேன். [கதாநாயகிக்கு வயதைக் குறைத்தால் நல்லது என்று ஒரு பத்திரிகை நண்பர் சொன்னார். நானும் உடனே குறைத்தேன். வயது பார்த்து வேலை கொடுக்கும் லாட்ஜ்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்?]

இரண்டாவது: ‘கடல் அன்று—’

வேண்டாம். கன்னியாகுமரி என்றாலே கடலை இழுத்து முன்னால் நிறுத்திவிடுகிறோம்.

மூன்றாவது இதுதான். செசிலிக்கு ஐம்பத்தெட்டு. வெகுகாலம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவர். அதை இடித்துவிட்டார்கள். அப்புறம் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் “வயசு கூடுதல்” என்ற ஒரே பதில். கணவர் இல்லை. மகன் வீட்டில் சோப்பு வாங்கக்கூடக் கையேந்த வேண்டியிருக்கிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கன்னியாகுமரியில் ஒரு புது லாட்ஜில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

3

புது லாட்ஜின் மேனேஜர் ஷாஜன், இளைஞன்.

“வயசு?”

“நாப்பத்தாறு.” சொல்லிவிட்டுச் செசிலி சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. வினை அங்கேதான்.

“செசிலி மாமியா? எனக்க அம்மைக்க கூட புதுநன்மை வாங்கினது நீங்கதானே? போட்டோ எங்க வீட்டுச் செவருல தொங்குது. அம்மை ஒவ்வொரு பேரா சொல்லிக் காட்டும். அந்தக் கன்னக்குழி அப்படியே இருக்கு!”

[புதுநன்மை: எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை உடுப்பில் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். கடற்கரை வீடுகளில் அது சுவரை விட்டு இறங்கவே இறங்காது. அந்த ஊரிலேயே பிறந்த செசிலி இதை எப்படி மறந்தார்?]

“அம்மைக்கு அம்பத்தெட்டு. அப்ப மாமி பிறக்கதுக்கு முன்னாலயே நன்மை வாங்கிட்டியளா?”

செசிலியின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

“தப்பா நினைக்காதீங்க மாமி. ஓனர் முப்பத்தஞ்சுக்கு உள்ளதான் கேக்காரு. சூரியோதயம் பாக்க வந்தவங்கள இருட்டோட எழுப்பி விடணும். வயசானவியளால முடியாது.”

4

இங்கே கதை கொஞ்ச நாள் நின்றுவிட்டது. வடநாட்டு யாத்ரீகர் ஒருவரை உள்ளே அனுப்பி, செசிலியை வங்காள மொழியில் பேசி வெளுத்துவாங்க வைத்து, ஷாஜனை வாய்பிளக்க—

இல்லை. வேலை கேட்டு வந்தவர் ஏன் வித்தை காட்ட வேண்டும்? பேனாவை வைத்தேன். செசிலியே பேசினார்.

“உனக்க அம்மை எப்ப எழும்பும் மக்கா?”

“நாலு மணிக்கு.”

“எதுக்கு?”

“எனக்குச் சோறு கட்டணும். பிள்ளையள குளிப்பாட்டி பள்ளிக்கூடத்துக்கு...”

“அந்த வேலைக்கு அவகிட்ட வயசு கேட்டியா?”

ஷாஜன் போனைக் கையில் எடுத்தான். [அந்த நேரம் பார்த்து எனக்குக் காப்பி வந்தது. கொண்டுவந்தவரின் வயதை எழுத மாட்டேன்.]

“ஓனருட்ட நான் என்னத்த சொல்ல மாமி?”

“அம்பத்தெட்டுன்னு சொல்லு. நாப்பத்தாறு நான் சொன்ன பொய்யி. இனி அத வச்சு எனக்கு வேலை வேண்டாம்.”

5

வேலை கிடைத்தது என்று எழுதிப் பார்த்தேன். ஷாஜன் வெட்கப்பட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. கிடைக்கவில்லை என்று எழுதினேன். அவரை மறுபடி பேருந்தில் ஏற்ற மனம் வரவில்லை.

உண்மையில் அதிகாரம் எனக்குமில்லை, ஷாஜனுக்குமில்லை. ஓனருக்குத்தான். அவருக்கு நான் பெயரே வைக்கவில்லை, கவனித்தீர்களா? அவருடைய நாற்காலியை உங்களுக்காகக் காலியாக விட்டு வைத்திருந்தேன். உட்காருங்கள்.

ஷாஜன் உங்கள் எண்ணைத் தட்டிவிட்டான். செசிலி மடியில் பையோடு எதிரே இருக்கிறார். வயதை அவன் முதலிலேயே சொல்லிவிடுவான்.

உங்கள் போன் அடிக்கிறது.