அப்பாடா

"இரண்டு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை" என்று பலகையில் எழுதிவிட்டு டீச்சர் திரும்பினாள். முதல் கதையில் ஒரு குயவன், தன் பானை எதுவும் உடையக் கூடாது என்று வரம் வாங்கினான். வாங்கிய பானை உடையாததால் இன்னொரு பானை வாங்க ஊரில் ஆளில்லாமல் பட்டினி கிடந்தான். மற்றதில் ஒரு தாய், மகள் தன்னைவிட்டு எங்கும் போகக் கூடாதென்று கேட்டாள். மறுநாளே மகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று.

"ரெண்டு பேரும் ஆசப்பட்டாங்க, ரெண்டு பேருக்கும் தண்டன கெடச்சுது டீச்சர்" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அம்மாவுக்கு எங்க டீச்சர் தண்டன? கேட்டது அவங்க. கால் போனது பொண்ணுக்குல்ல? இத ஒற்றுமைல எழுதவா, வேற்றுமைலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்று புத்தகத்தை மூடினாள்.

டீச்சர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பிறந்ததிலிருந்தே சீக்கு. ராப்பகலாக வீல் வீலென்று கத்தும். டீச்சர் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தாள், கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் விளக்குமாற்றுக் கட்டையால் சுவரை இடித்தாள். "இந்தச் சனியன் ஒரேயடியா வாய மூடாதா, கடவுளே!" என்று வாய்விட்டே சொன்னாள். கணவன் மட்டும், "கேட்கறத பாத்துக் கேளு" என்றான், விளையாட்டாகத்தான்.

போன வாரம் ஒரு காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் விழிப்பு வந்தது. உடம்பு இறகாய் இருந்தது. "அப்பாடா, இன்னிக்குத்தான் தூங்கினேன்" என்று சோம்பல் முறித்தபடி வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டின் முன் செருப்புகள் குவிந்து கிடந்தன.

குழந்தைக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றார்கள். சுவரை இடித்தால் யாரும் சாவதில்லை என்று கணவன் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த 'அப்பாடா'வை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வாயாடி கேள்வி கேட்ட அன்று பள்ளிவிட்டு வந்து முகம் கழுவும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். தலை வாரவில்லை.

"கொஞ்ச நேரம் இங்க இருக்கவா அக்கா? அந்த வீட்ல சத்தமே இல்ல."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்களத்தான் ரொம்பப் படுத்திட்டோம்க்கா. காலைல வேலைக்குப் போறவங்க. நீங்க சுவர்ல தட்டினப்பகூட, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்கன்னுதான் நெனச்சேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அய்யோ, அப்படிச் சொல்லாதம்மா. நான்தான்..."

 அடுக்களைப் பக்கம் திரும்பி, "காபி போடட்டுமா?" என்று கேட்டாள்.

 பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போயிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ. டீச்சர் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்காமல் எதிரில் அமர்ந்தாள். தூக்கத்திலும் அவள் கைகள் மடியில் வளைந்து கோத்திருந்தன. இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் இப்படியும் அப்படியுமாக, மெல்ல, ஆடிக்கொண்டே இருந்தது.