குனியாத முத்திரை

துறைத் தலைவர் கமிஜோ என்னைத் தனியாக அழைத்தபோது அவர் மேசையில் ஒரு பாகைமானி இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் பெட்டியில் வைத்திருப்பார்களே, அதே பிளாஸ்டிக் அரைவட்டம். பம்ப் கம்பெனியின் கொள்முதல் துறைத் தலைவருக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஹமமட்சு அலுவலகத்தில் கேள்வி கேட்பவர்களுக்கென்றே ஒரு கிடங்கு இருக்கிறது. நாட்டின் வடக்கு நுனியில், வக்கனாயில். ஏப்ரலிலும் பனி விழும்.

"கதவச் சாத்து நகுமோ. திரையையும் இழுத்து விடு."

இரண்டையும் செய்தேன். பதினாலு தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"என்ன தெரியுது?"

"அனுமதிப் படிவம், புச்சோ." துறைத் தலைவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, பதவிதான் பெயர்.

"அது எனக்கும் தெரியும்யா. முத்திரையப் பாரு."

ஒரு பென்சில் வாங்குவதானாலும் எங்களிடம் படிவம் சுற்றுக்குப் போகும். முதல் பக்கத்தின் மேலே வரிசையாகக் கட்டங்கள். வலக்கோடியில் கடைநிலை ஊழியர், இடக்கோடியில் புச்சோ. ஒவ்வொருவரும் தம் குடும்பப் பெயர் பொறித்த சிவப்பு வட்ட முத்திரையைத் தம் கட்டத்தில் வைப்பார்கள். வைக்கும்போது சற்று இடப்பக்கம் சாய்த்து வைப்பார்கள். மேலதிகாரியின் முத்திரைக்கு நம் முத்திரை குனிந்து வணக்கம் சொல்கிறது என்று பொருள். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. அதனாலேயே யாரும் மீறுவதில்லை.

போன வசந்தத்தில் காகிதத்தை ஒழித்துவிட்டுக் கணினிக்கு மாறினோம். மென்பொருளை எழுதியவன் நான். கட்டத்தைக் கிளிக் செய்தால் முத்திரை விழும். மவுஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் முத்திரை இடப்பக்கம் சாயும், சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் ஐந்து பாகை. கீழ்நோக்கி உருட்டினால் வலப்பக்கம். காகிதம் போனால் பரவாயில்லை, வணக்கம் போகக்கூடாது என்று புச்சோ மூன்று கூட்டங்களில் வலியுறுத்தியிருந்தார்.

இப்போது அவர் விரல் வைத்த இடத்தில் பிரிவுத் தலைவர் குசாகாபேயின் முத்திரை இருந்தது. முதல் தாளில் அது வலப்பக்கம் சாய்ந்து புச்சோவுக்கு முதுகு காட்டியது. அடுத்ததில் மல்லாந்து படுத்திருந்தது. ஒன்பது பக்கப் படிவம் ஒன்றில் முழுக்கத் தலைகீழ்.

"தலைகீழா வச்சா என்ன அர்த்தம், சொல்லு."

"எதிர்ப்புத் தெரிவிச்சுக்கிட்டே ஒத்துக்கறதுனு சொல்லுவாங்க, புச்சோ."

"மூணு வாரமா நடக்குது. ஒவ்வொண்ணையும் நானே அளந்தேன்." பாகைமானியைத் தட்டினார். "அதோட பாரு, போன மாச விருந்துல எல்லாரும் பீர் குடிச்சாங்க, இவரு ஊலாங் டீ. ஊருக்குப் போயிட்டு வந்து ஆளுக்கொரு பிஸ்கட் குடுத்தாரு. எனக்கு வந்தது மட்டும் ஒடஞ்சது."

"தற்செயலா இருக்கலாமே."

"ரெண்டு துண்டா ஒடஞ்சிருந்துது. சரிபாதியா." குரலைத் தாழ்த்தினார். "வக்கனாய் மாற்றல் படிவம் தயாரா இருக்கு. வெள்ளிக்கிழம சுத்துக்குப் போகும். ஆனா நான் நியாயஸ்தன். அவர் பேர்ல வேற எவனாவது வெளையாடறானான்னு வியாழனுக்குள்ள கண்டுபிடி. அவரே பண்ணிருந்தார்னா, கம்பளிய எடுத்து வெச்சுக்கச் சொல்லிரு."

குசாகாபே இருபத்தாறு வருடச் சேவைக்காரர். தொலைபேசியில் பேசும்போதுகூட எதிர்முனைக்குக் குனிந்து வணக்கம் சொல்பவர். அதனால் மேசை விளிம்பில் ஒருமுறை நெற்றியை இடித்துக்கொண்டவர். மனைவியின் தாயார் படுக்கையில் இருந்தார். இரவில் பார்த்துக்கொள்ளும் முறை இவருடையது. வக்கனாய் போனால் அந்த வீடு என்னவாகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இப்படிப்பட்ட மனிதர் மூன்று வாரமாக முத்திரையால் கலகம் செய்கிறார் என்றால், மனித இனத்துக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது.

கணினி அறையில் இருப்பது நானும் உசாமி-சானும்தான். அவர் எனக்கு எட்டு வருடம் மூத்தவர், எதையும் நம்பாதவர். பெயரோடு ஒட்டும் 'சான்' மரியாதைக்கு, இளையவனான எனக்கு ஒட்டுவது 'குன்'. நடந்ததைச் சொன்னதும் பதிவேட்டைத் திறந்தார்.

"அவரோட கம்ப்யூட்டர். அவரோட பாஸ்வேர்ட். எல்லாம் காலைல ஒம்போது, ஒம்போதரை. வேற எவனும் இல்ல."

"அப்போ கலகம்தான்."

"மூஞ்சில என்னடா அவ்ளோ சந்தோஷம்?"

இரண்டு நாள் குசாகாபேயைக் கண்காணித்தேன். சந்தேகக் கண்ணோடு பார்த்தால் எல்லாமே சாட்சியம். மதியச் சாப்பாட்டில் ஊறுகாய்ப் பிளம்பழத்தைக் கடைசியில் தின்றார். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு கடித்த மாதிரி இருந்தது. புச்சோ கடந்து போகையில் எழுந்து நின்று வணங்கினார். அரை நொடி தாமதமோ?

புதன்கிழமை அவரே எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"நகுமோ-குன், தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். புது மவுஸ் கேட்டு ஒரு படிவம் போட்டீங்கல்ல? ரெண்டாம் பக்கத்துல பதிமூணுன்னு இருக்கு. ஆறாம் பக்கத்துல பதினாறுன்னு இருக்கு. நான் முத்திர போட்டாச்சு, ஆனாலும் உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிரலாம்னு." குனிந்தார். கதவு நிலையில் இடிக்காமல் தப்பினார். போய்விட்டார்.

"நம்மள வேவு பாக்க வந்திருக்காரு," என்றேன்.

உசாமி-சான் அந்த மவுஸ் படிவத்தைத் திறந்து பார்த்தார். 

"ஆறாம் பக்கத்த அவர் ஏன் பாத்தாரு?"

"ஏன்னா... படிவத்துல இருக்குல்ல."

"நீ என்னிக்காவது ஒரு படிவத்தோட ஆறாம் பக்கத்தப் பாத்திருக்கியா? எழுதின நீயே பாக்கல."

பதினாலு படிவங்களையும் பக்க எண்ணிக்கைப்படி அடுக்கினோம். இரண்டு பக்கப் படிவத்தில் முத்திரை சற்றே வலச்சாய்வு. ஐந்து பக்கத்தில் படுக்கை. ஒன்பது பக்கத்தில் தலைகீழ். பக்கம் கூடக் கூட பாகையும் கூடியது, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. கோபம்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காகப் படமாட்டார்கள்.

 மென்பொருளைத் திறந்து, குசாகாபே செய்வதுபோலச் செய்து பார்த்தேன். கட்டத்தைக் கிளிக் செய்தேன். சக்கரத்தை மூன்று பல் மேலே உருட்டினேன். முத்திரை பணிவாக இடப்பக்கம் குனிந்தது. பிறகு அடுத்த பக்கத்தைப் படிக்கச் சக்கரத்தைக் கீழே உருட்டினேன். பக்கம் நகர்ந்தது. முத்திரை திரைக்கு மேலே போய் மறைந்தது. மறைந்த பிறகும், யார் கண்ணிலும் படாமல், அது வலப்பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் மென்பொருளில் மவுஸ் அம்பு எங்கே நிற்கிறது என்பது கணக்கில் வராது. கடைசியாக எதைக் கிளிக் செய்தோமோ அதற்கே சக்கரத்தின் செய்தி முதலில் போகும். அதாவது முத்திரைக்கு. முத்திரை வேலையை முடித்ததும் 'இது என்னோடு முடிந்தது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே செய்தி மேலே இருப்பவருக்கு, அதாவது பக்கத்துக்கு, அனுப்பப்படும். எங்கள் அலுவலகக் காகிதம் போலவே. அந்த ஒற்றை வரியை நான் எழுத மறந்திருந்தேன். முத்திரை எவ்வளவு சுற்றலாம் என்று எல்லையும் வைக்கவில்லை. மூன்று வாரம் முன்பு நான் போட்ட புதுப் பதிப்பில்தான் இது நுழைந்திருந்தது.

"ஆனா ஏன் முதல்ல முத்திர போட்டுட்டு அப்புறம் படிக்கறாரு?" என்றேன்.

"முத்திர பக்கத்துல நேரம் விழுதுல்ல? படிச்சிட்டுப் போட்டா இருபது நிமிஷம் ஆகும். புச்சோவக் காக்க வைக்கலாமா? அவரு அப்படிப்பட்ட மனுஷன்."

மரியாதைக்காக முன்கூட்டியே வணங்கிவிட்டு, கடமைக்காகப் படித்து, படிக்கப் படிக்கத் தன் வணக்கத்தைத் தானே கலைத்திருக்கிறார்.

உசாமி-சான் மற்றவர்களின் முத்திரைகளையும் புரட்டினார். துறையில் இருபத்தோரு பேர். எல்லாருடையதும் இடப்பக்கம் பதினைந்து பாகை. அரை பாகை கூடுதல் குறைவு இல்லை.

"எல்லாரும் எவ்ளோ பணிவு பாத்தியா," என்றார்.

"முத்திரைக்கு அப்புறம் ஒருத்தர்கூட சக்கரத்தக் கீழ உருட்டல."

"புச்சோ?"

மூன்று வாரத்தில் தொண்ணூற்றாறு படிவங்கள். அத்தனையிலும் பூச்சியம் பாகை. கொடிமரம் மாதிரி.

வியாழன் காலை. கதவும் திரையும் சாத்தியாயிற்று. குற்றம் என்னுடையது என்று தொடங்கினேன். தலையைத் தாழ்த்தி, பதினைந்து பாகையைவிட நிறையவே. சக்கரம், பக்கம், மறந்துபோன வரி, எல்லாவற்றையும் சொன்னேன். புச்சோ பாகைமானியை விரல்களில் சுற்றிக்கொண்டே கேட்டார். 

"அப்போ," என்றார், "போட்டதுக்கப்புறம் படிச்சாத்தான் கோணும்."

"ஆமா, புச்சோ."

"என் முத்திர?"

"நேரா இருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் கண்கள் சுருங்கின. "நான் முன்னாடியே படிச்சிட்டு அப்புறம் போடறவன்."

"அப்படிப் படிச்சா நேராத்தான் இருக்கும், புச்சோ."

"யாரு எப்போ படிவத்தத் தெறந்தாங்கன்னு பதிவாகுதா?"

"இல்ல. ஆனா அது சின்ன வேலதான். வேணும்னா நாளைக்கே சேத்து..."

"வேண்டாம்!"

வெளியே யாரோ தட்டச்சு செய்வதை நிறுத்தினார்கள். புச்சோ தொண்டையைச் செருமிக்கொண்டு, மிக மென்மையாகத் தொடர்ந்தார். "ஒங்க மேல வேல பாரம் ஜாஸ்தி. வேண்டாம். கோளாற மட்டும் திங்கக்கிழம சரி பண்ணிரு. குசாகாபே-சான் மாற்றல் படிவத்த நான் திரும்ப வாங்கிக்கறேன். இந்த விஷயம் இந்த அறைய விட்டு வெளிய போகக்கூடாது."

போகவில்லைதான். ஆனால் அந்த அறைக்குச் சுவர் மெல்லியது.

எங்களிடம் ஒன்றைத் திரும்ப வாங்குவதற்கும் படிவம் வேண்டும். மாற்றல் ரத்து, காரணம், சேவைப் பதிவு, மொத்தம் பதினாறு பக்கம். வெள்ளிக்கிழமை சுற்றுக்கு வந்தது. மதியத்துக்குள் எல்லாரும் முத்திரை வைத்துவிட்டார்கள். நானும் உசாமி-சானும் அதைத் திறந்து பார்த்தோம். ஒரு முத்திரைகூடக் குனிந்திருக்கவில்லை. சிலது வலப்பக்கம், சிலது படுக்கை, ஏழு தலைகீழ். துறையே ஒரே இரவில் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. புச்சோவுடையது மட்டும் நேராக நின்றது.

"சக்கரத்தத் தொடவேயில்ல," என்றேன்.

"இல்லன்னா எழுவத்திரெண்டு பல்லு உருட்டிருப்பாரு. முழு வட்டம் சுத்தி நேரா வந்து நின்னிருக்கும். பதினாறு பக்கத்துக்குக் கணக்கு சரியா வரும். போய்க் கேளேன்."

"எனக்குக் குளிர் ஒத்துக்காது, உசாமி-சான்."

அப்போதுதான் குசாகாபே வந்தார். சம்பந்தப்பட்டவர் என்பதால் படிவத்தின் நகல் அவருக்குப் போயிருந்தது. முகம் வெளுத்திருந்தது. குனிந்து எழ வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"நகுமோ-குன், நான் இங்கயே இருக்கறதுன்னு படிவம் வந்திருக்கு. ஆனா முத்திரைங்களப் பாத்தீங்களா? எல்லாரும் முதுகக் காட்டறாங்க. ஏழு பேரு தலைகீழா வச்சிருக்காங்க. நான் போறதுதான் எல்லாருக்கும் விருப்பம் போல. சொல்லிருந்தா நானே போயிருப்பேனே."

"ஐயோ, அப்படியில்லீங்க குசாகாபே-சான்!" நாற்காலி உருண்டு போகும்படி எழுந்தேன். "அது என் தப்பு. படிச்சாத்தான் முத்திர அப்படிச் சுத்தும். எல்லாரும் உங்க படிவத்தக் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க. அவ்ளோதான்."

இரண்டு நாள் நான் அவரைப் பார்த்த அதே சந்தேகப் பார்வையை, முதல்முறையாக, அவர் என்மேல் வைத்தார்.

"பதினாறு பக்கத்தையுமா?"

"எல்லாரும்."

"பதினொண்ணாம் பக்கத்துல நான் பொறந்த வருஷம் ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்போதுன்னு இருக்கே," என்றார் குசாகாபே. "அத ஏன் ஒருத்தர்கூட சொல்லல?"