இரவல் பிள்ளைகளோடு ஒரு வியாழக்கிழமை

1

இந்தக் கதை ஒலிபெருக்கிக்காகப் பிறந்தது. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. எங்கள் கோக் சாட் கிராமத்தில் தினமும் விடிந்ததும், ஊர்த்தலைவர் பூந்தம், கோயிலருகே கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் செய்தி வாசிப்பார். எருமை காணவில்லை, கொசு மருந்து அடிக்க வருகிறார்கள், இன்னார் வீட்டில் துக்கம். எப்போதோ என் கதை ஒன்று பாங்காக் பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த ஒரே பாவத்துக்காக ஊரில் எல்லா அறிவிப்பையும் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை சாய்சுனீ வந்தாள். எங்கள் ஆரம்பப் பள்ளியின் ஒரே டீச்சர். பாயில் உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணே, பள்ளிக்கூடத்துல நடந்தது, இனிமே நடக்கப்போறது, ரெண்டையும் சேத்து ஆறே வரியில எழுதிக் குடுங்க. அதுக்கு மேல போனா தலைவர் இரும ஆரம்பிச்சிடுவாரு."

"நடந்ததையெல்லாமா?"

"நடந்ததுல சொல்லக்கூடியத."

பிறகு அவளே மற்றதையும் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். ஆறு வரி இன்னும் வரவில்லை. வந்தது இதுதான்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"பள்ளிக் குளத்தில் வளர்த்த கெளுத்தி மீன்கள் பிடிக்கப்பட்டு மதிய உணவுக்கு" (வேண்டாம். மீனில் தொடங்கினால் ஊரார் மீனைப் பற்றித்தான் பேசுவார்கள்.)

"விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. சிவப்பு அணியும் மஞ்சள் அணியும் கடுமையாக" (பிள்ளைகள் போதாமல், அதே பிள்ளைகள் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டு அணியிலும் ஓடினார்கள். இதை எந்த வரியில் வைப்பது?)

"வியாழக்கிழமை குரு வணக்கம் நடந்தது. அதிகாரி வந்து மகிழ்ந்தார். வகுப்பறை நிறைந்திருந்தது."

இந்த மூன்றாவதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் மொத்தமாகச் சேர்த்துப் படித்தால் பொய். ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். மூடினால் எங்கள் பொடிசுகள் இருட்டோடு எழுந்து, பின்பக்கம் திறந்த வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு, லாரி பறக்கும் நெடுஞ்சாலை வழியாக டவுனுக்குப் போக வேண்டும். பாதிப் பேர் படிப்பை விட்டுவிடுவார்கள். சாய்சுனீ பயந்தது அதற்குத்தான். அவளுக்கென்ன, வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். இதை அவளுக்காகச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நீங்கள் அவளைத் திட்டப் போகிறீர்கள்.

தலைகளை எண்ணக் கல்வி அதிகாரி வரும் நாள் தெரிந்தது. பிள்ளைகள் டீச்சருக்குப் பூத்தட்டு வைத்து வணங்கும் குரு வணக்க நாளன்றே வருகிறாராம். உடனே ஊர் கூடியது. பக்கத்து ஊர் நொங் வாவிலிருந்து பிள்ளைகளை அரை நாள் கூட்டி வந்து உட்கார வைப்பது என்று முடிவானது. நொங் வா பள்ளியின் டீச்சர் பிக்குன், சாய்சுனீக்கு அக்கா மாதிரி. ஒன்றாகப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். அங்கேயும் பிள்ளைகள் குறைவுதான், எங்களுடையது மூடினால் அடுத்தது அதுதான், ஆனால் எங்களைவிடக் கொஞ்சம் தேவலை.

"ஏண்டி சுனீ, பிள்ளைங்க என்ன வாளியா கயிறா, எரவல் கேக்கற?"

"அரை நாள்தானேக்கா. ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எனக்கும் அன்னைக்கித்தானே வணக்கம்?"

"நீ அடுத்த வியாழன் வச்சுக்கயேன்."

"சரி, கூட்டிட்டுப் போ. சோத்த மட்டும் நெறைய வடிச்சு வையி. எங்க வாலுங்க ஒவ்வொன்னும் ரெண்டாள் சோறு திங்கும்."

*(நடுவில் ஒரு குறிப்பு. குரு வணக்கத்தை வியாழனைத் தவிர வேறு நாளில் யாரும் வைப்பதில்லை. குருவுக்குரிய நாள் அது, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படியானால் அன்று எல்லாப் பள்ளியிலும் வணக்கம் நடக்கும் என்று வரும் அதிகாரிக்கும் தெரியும்தானே? தலைவர், சாய்சுனீ, பிக்குன், வண்டி கொடுத்தவர், சோறு வடித்தவர்கள், எல்லாரும் கூடிப் பேசினோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வியாழன் எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.)*

4

நொங் வா பிள்ளைகள் வண்டியில் வந்து இறங்கினார்கள். வியாழனன்று எல்லாப் பள்ளியிலும் ஒரே சாரணர் உடுப்பு. யார் நம் பிள்ளை, யார் இரவல் பிள்ளை என்று பெற்றவர்கள்தான் சொல்ல முடியும்.

பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து, இட்லிப்பூவும் கத்தரிப்பூவும் அருகம்புல்லும் செருகிய தட்டுகளைச் சாய்சுனீயின் முன்னால் வைத்துக் குனிந்து வணங்கினார்கள். முக்தா என்ற நொங் வாச் சிறுமி நிமிரும்போது கிசுகிசுத்தாள்.

"டீச்சர், எங்க டீச்சருக்கு எப்ப?"

"அடுத்த வாரம் கண்ணு. இப்ப பேசாத."

அதிகாரி நல்ல மனிதர். (அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். தொப்பையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன்.) தலைகளை எண்ணினார், எழுதிக்கொண்டார், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மீனோடு சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்:

"மனசுக்கு நெறவா இருக்கு டீச்சர். இன்னைக்கி நொங் வாவுலயும் வணக்கம் இருக்குமில்ல? போற வழிதானே, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேன்."

5

இங்கேதான் என் பேனா நிற்கிறது.

சாய்சுனீயின் கைபேசி பாவாடைப் பையில் இருந்தது. அதிகாரி செருப்பை மாட்டி, தலைவரிடம் விடைபெற்று, வண்டியைத் திருப்பும் வரைக்கும் நேரம் இருந்தது. "அங்க வணக்கம் அடுத்த வாரம் சார்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் எங்கள் பள்ளி போயிற்று. பிக்குனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாய்க்கால் கரைக் குறுக்கு வழியே வண்டியை விட்டால் அதிகாரிக்கு முன்னால் பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அவர் கண்ணெதிரே பாதி வகுப்பு எழுந்து வண்டி ஏறுவதை என்னவென்று சொல்வது?

"அப்ப ஒனக்கு என்ன தோணிச்சும்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தோணலண்ணே."

இதை நான் நம்ப வேண்டுமா? கதாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தப் பதில் போதவில்லை. "அவள் திகைத்து நின்றாள்" என்று எழுதினால் நல்லவளாகிவிடுகிறாள். "அவள் கணக்குப் போட்டாள்" என்று எழுதினால் அரக்கியாகிவிடுகிறாள். அவள் இரண்டுமில்லை. மீண்டும் கேட்டேன்.

"தோணிச்சு. பேசாம இருந்துட்டேன்" என்றாள்.

அதிகாரி நொங் வா போய்ச் சேர்ந்தபோது பிக்குன் வகுப்பறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். காய்ச்சல் என்று வண்டியில் ஏற்றாமல் விட்ட ஒரு குழந்தை மட்டும் ஓரத்தில் படுத்திருந்தது. பிள்ளைகள் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். எங்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்கும் ஒரு வார்த்தை போதும். "இன்னைக்கி யாரும் வரல சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

6

அடுத்த வியாழன் நொங் வாவில் குரு வணக்கம் நடந்தது. அதுதான் அங்கே கடைசி. அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. நொங் வா பள்ளி மூடப்பட்டு எங்கள் பள்ளியோடு இணைக்கப்படுகிறது. பிக்குனுக்கு டவுனில் ஏதோ பெரிய பள்ளியில் வேலை.

அன்று மாலை பிக்குன்தான் போன் பண்ணினாள். சாய்சுனீக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

"அழாதடி சுனீ. ரெண்டுல ஒண்ணு போகணும்னு இருந்துச்சு, என்னது போச்சு. அந்த ஆளு நேரா இங்க வருவாருன்னு நீ என்ன கனவா கண்ட? தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்க மாட்டியா?"

"பண்ணியிருப்பேன்க்கா."

இவ்வளவுதான் சாய்சுனீ சொன்னது. இதை ஒப்புக்கொள்ளத்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆறு வரி என்பது சாக்கு. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, "பள்ளிக்கூடம் பொழச்சிடுச்சுல்ல அண்ணே, பொழச்சிடுச்சுல்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். பாவி மகளே என்றும் தோன்றியது, பாவம் என்றும் தோன்றியது.

7

முடிவுகள். எடுத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

முடிவு அ: சாய்சுனீ பிக்குன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறாள். பிக்குன் அவளைத் தூக்கி அணைத்து (இது சினிமா. அடித்தேன்.)

முடிவு ஆ: சாய்சுனீ அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறாள். இரண்டு பள்ளியும் மூடப்படுகின்றன. அவள் மனசு சுத்தமாகிறது. பிள்ளைகள் இருட்டில் வண்டிக்கு நிற்கிறார்கள். (சுத்தமான மனசை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய?)

முடிவு இ: யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை. எல்லாரும் நிம்மதியாக

இந்த மூன்றாவதைத்தான் முடிக்கவிருந்தேன். சாய்சுனீயும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் கதை எழுதுகிறவன் கூட்டத்தில் இருப்பவர்களை ஒரு தரம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாரி "நொங் வாவுக்குப் போறேன்" என்று சொன்னபோது அங்கே யார் யார் உட்கார்ந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்? நொங் வா பிள்ளைகள். அத்தனை பேரும். சாய்சுனீ டீச்சர் வாயைத் திறக்காமல் நின்றதையும் பார்த்தார்கள். அதே வண்டியில் நேராகப் பிக்குன் டீச்சரிடம்தான் போய் இறங்கினார்கள். வெளியூர் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்கள்?

ஆக, பிக்குன் போன் பண்ணியபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

அல்லது பிள்ளைகளுக்கு மீனைத் தவிர வேறொன்றும் நினைவில்லாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. சாய்சுனீயிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தலைவர் வாசிப்பதற்காக ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "வரும் திங்கட்கிழமை நொங் வா பிள்ளைகளைப் பிக்குன் டீச்சர் தாமே அழைத்து வந்து, கோக் சாட் பள்ளியில் சாய்சுனீ டீச்சரிடம் ஒப்படைப்பார்."

வாசலில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பார்கள். பிக்குன் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நான் எழுதுகிற எதுவும் அவள் வாயில் நிற்கவில்லை. உங்கள் பிள்ளைகளை இரவல் கொடுத்திருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை நீங்களே