ஞாயிற்றுக்கிழமை மூச்சு

சட்டைக் கம்பெனியில் பிழை பார்க்கும் வேலையில் பத்து வருடம் இருந்தால் யார்மீதும் நம்பிக்கை வராது. இவளுக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை. வேலையும் தோதாக அமைந்துவிட்டது. விளக்கு மேஜையில் சட்டையை விரித்து, தையல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவாள். கணவன் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி. அப்படிக் கூப்பிடும்போது அவன் ஏன் சிரிக்கிறான் என்பதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்பேர்ப்பட்ட சிஐடிக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மூச்சு முட்டியது. வாரத்தில் ஆறு நாள் பஞ்சுத்தூசிக்குள் நிற்கிறாள், ஒன்றும் ஆவதில்லை. ஞாயிறு மதியமானால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவது யார்? நாத்தனார்.

நாத்தனார் கணவனுக்கு அக்கா. பெரிய லாட்ஜ் ஒன்றில் பதினெட்டு வருடமாக அறை சுத்தம் செய்கிறவள். தம்பியைப் பார்க்கப் பதினோரு மணிக்கு டாணென்று வந்து நிற்பாள். உள்ளே கால் வைத்ததும் இரண்டு தடவை, "க்கும், க்கும்." வாசலிலேயே குறை கண்டுபிடித்துவிட்டாளாம்! சிஐடிக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்ணுக்கு ஒரு தூசிகூட அகப்படக் கூடாது என்று ஒன்பது மணிக்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். குளியலறைக்கு ஒரு ஸ்ப்ரே, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று. தெருப்புழுதி வராமலிருக்க ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்.

சந்தேகம் முதலில் நாத்தனாரின் முகப்பவுடர்மேல் விழுந்தது. பிறகு தலைச்சாயம். ஒருநாள் அவள் முகம் கழுவப் போனபோது கைப்பையைத் திறந்து மோந்தும் பார்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம். இருமுவதுபோல் நடிக்க மிட்டாய் வேறா என்று நினைத்துக்கொண்டு பையை மூடினாள்.

டாக்டர் ஆஸ்துமா என்றார். இழுக்கும் மருந்தோடு, ஊதிப் பார்க்கும் ஒரு குழாயும் எழுதிக் கொடுத்தார். "மூணு வேளையும் ஊதி நம்பரை எழுதுங்க. நம்பர் குறைஞ்சா மூச்சுக்குழாய் சுருங்குதுன்னு அர்த்தம். எதனாலன்னு தோணுதோ அதையும் பக்கத்துலயே எழுதுங்க."

அலமாரிக் கதவின் உள்பக்கம் தாளை ஒட்டினாள். மற்ற நாளெல்லாம் முந்நூற்று எண்பது. ஞாயிறு மதியம் இருநூற்று ஐம்பது. காரணம்: நாத்தனார். நான்கு வாரமும் அதே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அம்பு.

கணவனை இழுத்துவந்து காட்டினாள். "உங்க அக்கா வந்தா எனக்கு மூச்சு வரமாட்டேங்குது. நானா, அவங்களான்னு நீங்களே சொல்லுங்க."

அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அந்த அக்காதான். ஆனாலும் போன் செய்தான். என்ன சொன்னானோ, நாத்தனார் வரவில்லை. வராதவளுக்காக யார் வீட்டைத் தேய்ப்பார்கள்? மூன்று ஞாயிறு நிம்மதியாகப் படுத்துக் கிடந்தாள். மூன்று மதியமும் முந்நூற்று எண்பது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று சிஐடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணவன்தான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

நான்காவது ஞாயிறு காலை நாத்தனாரே போன் செய்தாள். "நான் வர்றேன். என்ன தப்பு பண்ணேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

கணவன் வெளியே போயிருந்தான். சண்டை என்றாலும் வீடு அழுக்காக இருக்கலாமா? மூன்று வாரத்து அழுக்கு. சிஐடி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலில் பாதியைத் தீர்த்தாள். அடுப்பு மேடைக்கு வரும்போது நெஞ்சை யாரோ துணிபோல் பிழிந்தார்கள். தட்டுத் தடுமாறி அலமாரிக்குப் போய் மருந்தை இழுத்தாள். பழக்கதோஷத்தில் குழாயையும் ஊதினாள். இருநூற்று இருபது. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

இன்னும் நாத்தனார் வரவே இல்லை.

அழைப்புமணி அடித்தது. எப்படியோ தாழ்ப்பாளை நீக்கினாள். நாத்தனார் "க்கும், க்கும்" என்றாள், சிஐடியின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தாள், செருப்போடு உள்ளே ஓடி எல்லா ஜன்னலையும் திறந்தாள். மருந்தை மறுபடி இழுக்கவைத்து, அவளைத் தோளில் சாய்த்து வெளியே மாடிப்படியில் உட்காரவைத்தாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். விசில் அடங்கக் கால்மணி நேரமானது.

"நான் வரும்போதெல்லாம் இந்த ஸ்ப்ரேயை அடிச்சு வைப்பியே," என்றாள் நாத்தனார். "கரப்பானை விரட்டுற மாதிரி என்னை விரட்டுறியோன்னு நெனச்சேன்."

"நீங்கதானே அண்ணி, வாசல்லயே கனைச்சு..."

"கனைக்கல. இருமல். லாட்ஜ்ல நாள் பூரா இதே நெடிதான். இங்கயும் வந்தா தாங்கல."

ஊதிப் பார்க்கும் குழாய் அலமாரியில் இருக்கிறது என்று சிஐடி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எடுத்துவர நாத்தனார் உள்ளே போனாள். அலமாரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சிஐடிக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. நாத்தனார் திரும்பிவந்து குழாயைக் கையில் கொடுத்து, தாளை அவள் மடியில் போட்டாள். தன்மேல் குத்தியிருந்த அம்புகளை விரலால் ஒருமுறை தடவினாள்.

"ஊது."

முந்நூறு.

"எனக்கும் குடு. நானும் ஊதிப் பாக்குறேன்."

சிஐடி வாய்வைக்கும் இடத்தைக் கழுவிக் கொடுத்தாள். நாத்தனார் ஊதினாள். நூற்று எழுபது. சிஐடி குழாய்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். நூற்று அறுபது. பத்து வருடத்தில் எந்தப் பிழையும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. இது ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு காட்டுது? கண்ணாடி எடுத்துட்டு வரல."

"நாளைக்கு லீவு போடுங்க அண்ணி. டாக்டர்கிட்ட போகலாம். நானும் லீவு போடுறேன்."

நாத்தனார் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ஏன்? திடீர்னு என்ன என்மேல இவ்வளவு அக்கறை?"