பங்குக் கிணற்றின் மூச்சு

தேவதானத்தில் அரசு மானியத்தோடு கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்தத் தொடங்கிய மூன்றாம் நாள், பதினோரு வருடங்களுக்கு முன் வெட்டுப்பட்டுச் செத்த தங்கச்சாமியின் கடைசி மூச்சு அவருடைய பங்குக் கிணற்றிலிருந்து வெளியே வந்தது. முந்தைய இரண்டு நாட்களும் ஆடுமாடுகளின் மூச்சுதான் வந்திருந்தது. அடிப்பாறை வாயுவை எவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. புதியது உள்ளே போனால் பழையது வெளியேறத்தான் செய்யும் என்று பொறியாளர் பெனின் அறிக்கையில் எழுதிவிட்டு, ராஜபாளையத்திலிருந்து இன்னொரு டேங்கர் லாரியை வரவழைத்தார்.

மூச்சில் வெற்றிலையும் ரத்தமும் மணத்தன. வந்த முதல் நாள் "ஏட்டி" என்றது. மறுநாள் அதையே சொல்லி இருமியது. தங்கச்சாமியின் மனைவி சுடலைமாடத்தி கிணற்றடியை விட்டு நகரவில்லை. வெட்டியவன் கிணற்றில் பாதிப் பங்குள்ள பாண்டிதுரைதான் என்று அவள் எவ்வளவோ சொல்லியும், பார்த்த சாட்சி இல்லையென்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவனை விடுவித்திருந்தது. இப்போது செத்தவரே பெயரைச் சொல்லிவிடுவார்.

ஐந்தாம் நாள் காலையில் பாண்டிதுரை ஆறு பேரோடு, கிணற்றடியில் வாயுவை அழுத்திச் செலுத்தும் கம்ப்ரசரை உடைக்க வந்தான். காவலாளி கிறிஸ்துராஜின் தோள் பிளந்தது. வந்தவர்களில் ஒருவனின் மூன்று விரல்கள் குழாயடியில் கிடந்தன. ஊரே கூடிவிட்டது. சுடலைமாடத்தி அரிவாளோடு வால்வை மறித்து நின்றாள்.

"தள்ளுட்டி கோட்டிக்காரி. காத்துக்குப் போயி காவல் இருக்கா."

"ஒனக்கு ஏம்ல வேர்க்கு? ஒம் பேரு வருதான்னு செத்த நின்னு கேட்டுட்டுப் போ."

அப்போது மூச்சு முழுதாக வந்தது. "ஏட்டி, மோட்டார நிறுத்து. ஆறு மணி ஆயிட்டு, நம்ம முறை முடிஞ்சிட்டு. பாண்டிதுரை வாரான்."

தங்கச்சாமி வெட்டுப்பட்ட அன்று கடைசிப் பாத்தியும் நனையட்டும் என்று, தண்ணீர் முறை முடிந்த பிறகும் மோட்டாரை ஓடவிட்டவள் சுடலைமாடத்திதான். சரியாக ஆறு மணிக்கு நிறுத்திவிட்டதாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்திருந்தாள்.

பாண்டிதுரைக்கு வாயெல்லாம் பல். கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "கேட்டியளா? வெட்டும்போதும் நான் இதத்தானய்யா சொன்னேன், எம் முறைன்னு!"

சொல்லி வாயை மூடுவதற்குள் அரிவாள் அவன் கழுத்தில் இறங்கியது. அவன் மூச்சு மேலே போகவில்லை. வாயு செலுத்தும் ஆழ்துளை வழியே கீழே இறங்கியது. அளவுமானி முக்கால் லிட்டர் கூடியதாகக் காட்டியது. பெனின் அதையும் அறிக்கையில் சேர்த்தார். மானியம் அடுத்த ஆண்டுக்கும் நீட்டிக்கப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டிதுரை கொலை வழக்கு நடந்தபோது, தங்கச்சாமியின் மூச்சு சொன்னது மரண வாக்குமூலமாக ஏற்கப்பட்டு, சான்று எண் நான்கு என்று குறிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். சுடலைமாடத்தி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரையும் நாந்தாய்யா கொன்னேன்."

ஒரு கொலைக்குத்தான் வழக்கு இருந்தது என்பதால், தட்டச்சர் அதை ஒருவர் என்று திருத்தி அடித்தார்.