மூன்று முனைக் கொக்கி

தூண்டில் கொக்கி வாங்கக் கடைக்குள் நுழைந்தால் தையல்காரர் லேசில் வெளியே வரமாட்டார். ஒவ்வொரு கொக்கியையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுப்பார். வழுக்கினால் மழுங்கல், நகத்தைப் பிடித்தால்தான் கூர். கடைக்காரர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டார். அன்று அவருக்குப் பிடித்துப்போனது ஒரு வெள்ளிநிற ஸ்பூன். காம்பு கழன்ற கரண்டி மாதிரி ஒரு தகடு, தண்ணீரில் இழுத்தால் அடிபட்ட குஞ்சுமீன் போல மினுக்கும். அதன் வாலில் மூன்று முனைக் கொக்கி. ஒவ்வொரு முனையிலும் பின்னோக்கி நிற்கும் ஒரு குட்டி எதிர்முள்.

"உள்ள போனா திரும்பி வராது" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

வராதுதான். போன மாதம் அப்படி ஒன்று அவர் விரலிலேயே ஏறி, டாக்டர் சதையைக் கிழித்து எடுத்தார். கூட நின்ற மனைவிக்குத்தான் மயக்கம் வந்தது. பட்டும் புத்தி வராத ஜென்மங்களில் மீன்பிடிக்கிறவர்கள் முதல் வரிசை.

மறுநாள் காலை இருவரும் துடுப்புப் படகில் ஏரி நடுவுக்குப் போனார்கள். கடித்த மீனெல்லாம் நழுவியது. "கடைக்காரன் தலையில மிளகா அரைச்சுட்டான்" என்று முணுமுணுத்தார். அடுத்து பெரிய மீன் ஒன்று மாட்டியது. படகருகே வந்ததும் தலையை ஓர் உதறு உதறியது. கொக்கி கழன்று, ஸ்பூன் பறந்து வந்தது.

"அம்மா!"

மனைவியின் இமையில் அது தொங்கியது. ஒரு முனை உள்ளே ஏறியிருந்தது, மற்ற இரண்டும் வெளியே. அவருக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு ஸ்பூனைக் கையில் தாங்கிக்கொண்டார். கையை எடுத்தால் தகட்டின் கனம் இமையை இழுக்கும். எடுக்காமல் துடுப்புப் போட முடியாது. அவளிடம் கொடுக்கலாமென்றால் அவள் கை அப்படி நடுங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி நேரங்கெட்ட நேரத்தில் நினைவுக்கு வந்து அவரை உலுக்கியது.

"இழுங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? எதிர்முள் கண்ணையே கிழிச்சிடும்."

"இல்லங்க. நேத்து நீங்க குளிக்கப் போனப்போ கட்டிங் பிளேயரால அந்த முள்ள நசுக்கிட்டேன். உங்க விரல் ஞாபகம் வந்துச்சு. பயமா இருந்துச்சு."

மீன்கள் ஏன் நழுவின என்று இப்போது புரிந்தது. கோபம் வரவில்லை. அவள் காலில் விழலாம் போலிருந்தது. கொக்கியைப் பிடித்தார்.

"இருங்க!" அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ரெண்டு முனைதான் நசுக்கினேன். மூணாவத நசுக்குறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"உள்ள இருக்கிறது எது?"

"தெரியலயே."

ஊசி கோர்க்கிற கண்ணாடி வீட்டில் தையல் மிஷின்மேல் கிடந்தது. கிட்டத்தில் எல்லாம் மங்கல். விரலைத்தான் நம்ப வேண்டும். வெளியே இருக்கும் இரண்டும் வழுவழுவென்றிருந்தால், நசுக்காதது அவள் இமைக்குள் இருக்கிறது.

முதல் முனையை வளைவிலிருந்து நுனிவரை தடவினார். வழுவழுவென்றிருந்தது. அடுத்ததைத் தொடவே பயந்தார். படகு ஆட, அவள் முனகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தடவினார்.

நுனிக்கு வருமுன்பே எதிர்முள் சுருக்கென்று ஏறியது.

"குத்துதும்மா! இது குத்துது!" பரிசு விழுந்தவர் போல அழுதுகொண்டே கத்தினார்.

"அப்ப இழுங்க."

இழுத்தார். ஒரு சொட்டு ரத்தத்தோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"மெதுவா திற. ஏதாவது தெரியுதா? சொல்லேன், தெரியுதா?"

இமை பிரிந்தது. மற்ற கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சற்றுநேரம் கீழேயே பார்த்தாள்.

"உங்க விரல்ல ரத்தம் வருதுங்க" என்றாள்.